முதலில் வழியை அடைக்கணும், அப்புறம்தான் கடனை: ஆன்லைன் சூதாட்டத்தில் சிக்கியவரை மீட்க ஒரு வழிகாட்டி

கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட் படிப்பதுதான் என் பிழைப்பு. அப்படியிருந்தும் என் தம்பியின் கணக்கைப் படித்துப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. ஒரே ஒரு ராத்திரியின் யுபிஐ ஹிஸ்டரியை இங்கே தருகிறேன்.

10.52க்கு 200 ரூபாய். 11.04க்கு 200. 11.09க்கு 500. 11.31க்கு 1,400 வரவு. 11.33க்கு 1,000. 11.40க்கு 1,000. 12.15க்கு 2,000. 12.16க்கு இன்னொரு 2,000. அப்புறம் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. 1.20க்கு ஒரு லோன் ஆப்பிலிருந்து 7,200 வரவு. 1.22க்கு 5,000. 2.05க்கு 2,000. 2.07க்கு மீதி 200. காலை 6.40க்குப் பால்காரருக்கு 31 ரூபாய், ஃபெயில்.

இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்தப் பத்துப் பன்னிரண்டு வரியிலேயே இருக்கிறது. தொகை ஏறுவதைப் பாருங்கள். நடுவில் வந்த அந்த 1,400 என்ன செய்தது என்று பாருங்கள். அது வரும்வரை இருநூறு, ஐந்நூறு. வந்த பிறகு, கடைசியில் மிஞ்சிய அந்த 200ஐத் தவிர, ஆயிரத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

விஷயம் முதல்முறை வெளியே வந்தபோது கடன் 1,80,000 ரூபாய். எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அம்மா வளையலை விற்றார், அப்பா பி.எஃப். பணத்தை எடுத்தார், மொத்தக் கடனையும் ஒரே வாரத்தில் அடைத்தோம். குலதெய்வம் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தான். நான்கு மாதத்தில் மறுபடி 3,40,000. அவன் சத்தியம் பொய்யில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு மனசாரத்தான் செய்தான். நாங்கள்தான் வரிசையை மாற்றிச் செய்துவிட்டோம். கடனை அடைத்தோம், பணம் போகும் வழியை அடைக்கவில்லை. கடன் தீர்ந்ததும் அவனுக்கு எல்லா ஆப்பிலும் புதிதாகக் கடன் கிடைத்தது. அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே இந்த வழிகாட்டி நாங்கள் செய்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் போகிறது.

இது கல்யாண வீட்டுச் சீட்டாட்டம் இல்லை

"நாங்களும்தான் மண்டபத்தில் விடிய விடிய ரம்மி ஆடினோம், கெட்டா போனோம்?" என்று மாமா ஒருத்தர் எல்லாக் குடும்பத்திலும் கேட்பார். அவர் ஆடிய ரம்மிக்கு நாலு பேர் உட்கார வேண்டும், சீட்டுக் கலைக்க வேண்டும், ஜமுக்காளம் வேண்டும், முக்கியமாகப் பாக்கெட்டில் நோட்டு வேண்டும். நோட்டு தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. போனில் இந்தத் தடை எதுவும் கிடையாது. ஓர் ஆட்டம் இரண்டு மூன்று நிமிடம். விமானம் மேலே ஏறுவது போலக் காட்டும் விளையாட்டும், கலர் சொல்லும் விளையாட்டும் சில விநாடிகளில் முடிந்துவிடும். தோற்ற வருத்தம் மனசில் இறங்குவதற்குள் அடுத்த ஆட்டம் தொடங்கியிருக்கும். காசும் காசாகத் தெரியாது, திரையில் ஓடும் எண்ணாகத்தான் தெரியும்.

மூளையில் நடப்பது இது. டோபமைன் என்ற ரசாயனம் ஜெயித்த பிறகு வருவதைவிட, ஜெயிக்கப் போகிறோமோ என்ற எதிர்பார்ப்பில்தான் அதிகம் வேலை செய்கிறது. எப்போது பரிசு வரும் என்று தெரியாதபோது அந்த எதிர்பார்ப்பு அடங்குவதே இல்லை. ஒவ்வொரு முறையும் பரிசு வந்தால் மனிதனுக்குச் சலித்துவிடும், வரவே வராவிட்டால் விட்டுவிடுவான். எப்போதாவது வருவதுதான் பிடித்து வைக்கிறது. ரம்மியில் இன்னொன்றும் உண்டு. "ஒரே ஒரு ஜோக்கர் வந்திருந்தா அடிச்சிருப்பேன்" என்ற நூலிழைத் தோல்வி. கணக்குப்படி அது முழுத் தோல்விதான். ஆனால் இப்படி மயிரிழையில் தவறும்போது, ஜெயித்தால் விழித்துக்கொள்ளும் அதே மூளைப் பகுதிகள் விழித்துக்கொள்வதை ஸ்கேன் ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

"ஆனா ரம்மி திறமை விளையாட்டாச்சே?" உண்மைதான். 1967லேயே உச்ச நீதிமன்றம் ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று சொல்லியிருக்கிறது. அதனால் என்ன? ஒரு பேச்சுக்கு, ஒவ்வொரு மேஜையிலும் கம்பெனி பத்து சதவீதம் எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். சரிக்குச் சரி திறமையுள்ளவர்களோடு 500 ரூபாய் மேஜையில் ராத்திரிக்கு இருபது ஆட்டம் ஆடினால் 10,000 ரூபாய் சுழல்கிறது. சராசரியாக 1,000 ரூபாய் போயே தீரும். மாதம் இருபது ராத்திரி ஆடினால் 20,000. உங்களைவிடக் கெட்டிக்காரர் எதிரே உட்கார்ந்தால் இன்னும் அதிகம். திறமை இருந்தால் அடுத்தவனிடம் ஜெயிக்கலாம், மேஜைக்கூலியை ஜெயிக்க முடியாது.

நோயா, திமிரா?

நோய்தான். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் சூதாட்டக் கோளாறு இருக்கிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11ஆவது பதிப்பில் ஆன்லைனில் ஆடுவதற்குத் தனிப் பிரிவே உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் இதை மது, போதைப்பொருள் அடிமைத்தனத்தோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. அவர்கள் ஒன்பது அறிகுறிகள் சொல்கிறார்கள், ஒரு வருடத்தில் நான்கு இருந்தாலே நோய். எட்டு ஒன்பது இருந்தால் தீவிரம்.

அந்த ஒன்பதையும் நம் வீட்டு மொழியில் சொல்கிறேன். எந்நேரமும் அதே நினைப்பு. அதே கிளர்ச்சிக்கு முன்பைவிடப் பெரிய தொகை தேவைப்படுவது. நிறுத்தப் பார்த்தால் எரிச்சல், படபடப்பு. நிறுத்தப் பார்த்துப் பலமுறை தோற்றது. மனசு சரியில்லை என்றால் ஆடப் போவது. விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்பிப் போவது. பொய். வேலையோ படிப்போ உறவோ கெட்டுப்போவது. பணத்துக்கு அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது. என் தம்பிக்கு எட்டு இருந்தன.

இத்தனை எண்ண முடியாது என்றால் இரண்டே கேள்வி போதும். எவ்வளவு ஆடுகிறாய் என்பதை வீட்டாரிடம் மறைத்துப் பொய் சொல்ல வேண்டி வந்ததா? தொகையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும் என்று தோன்றுகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" வந்தாலும் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

இந்த ஒன்பதில் நான் முதலிடம் கொடுப்பது விட்டதைப் பிடிப்பதற்குத்தான். "அக்கா, விட்டதை மட்டும் எடுத்துட்டு நிறுத்திடறேன்" என்பான். பேராசை என்று நினைத்தோம். அவன் மனசில் அது கடமையாக இருந்தது. குடும்பத்துப் பணத்தைத் திருப்பித் தருவதற்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

ஒரு சின்ன விலகல். வீட்டில் வயதானவர் யாராவது திடீரென்று சூதாட ஆரம்பித்தால் அவர் சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். பார்கின்சன் நோய்க்குத் தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல், மனநோய்க்குத் தரும் அரிபிப்ரசோல் ஆகியவை சிலருக்கு இந்த வேகத்தைத் தூண்டிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 1: விஷயம் வெளியே வரும் ராத்திரி

உயிருக்கு அதிக ஆபத்தான நேரம் இதுதான். ஆடிக்கொண்டிருக்கும்போது இல்லை, மாட்டிக்கொண்ட பிறகு. ஸ்வீடனில் தேசியப் பதிவேடுகளை வைத்து 2018இல் வெளியான ஆய்வில், இந்த நோய் உள்ளவர்கள் தற்கொலையால் இறப்பது மற்றவர்களைவிடச் சுமார் பதினைந்து மடங்கு என்று தெரியவந்தது. எனவே முதல் ராத்திரியில் கணக்குக் கேட்காதீர்கள். "எவ்வளவு? யாருக்கு? எப்படிடா மனசு வந்துச்சு?" எல்லாம் காலையில் கேட்டுக்கொள்ளலாம்.

அன்று செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். தனியாகப் படுக்க விடாதீர்கள். பூச்சிமருந்து, மிச்ச மாத்திரைகள் எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வேறு வீட்டுக்கு மாற்றுங்கள். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், தூண்டாது. கேட்ட பிறகுதான் என் தம்பி அழுதான். "ஆமாம்" என்றால் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கே கூட்டிப் போகலாம். போனில் பேச டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104. சென்னையின் சிநேகா அமைப்பு 044-24640050.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்படுவார், தண்டனைக்குரியவராக அல்ல.

படி 2: பணம் போகும் வழியை அடைப்பது

மருத்துவரிடம் போவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடலாம். ஆனால் ஆடுபவரின் சம்மதத்தோடு. போனைப் பிடுங்கி வைத்தால் மூன்றாம் நாள் இன்னொரு போன் வரும். நான் சொன்னது இவ்வளவுதான்: "கண்ணு, உன்னை நம்பலேன்னு இல்ல. ராத்திரி பன்னெண்டு மணிக்கு உள்ள வர்ற உன்னைத்தான் நம்பல." அதற்கு அவன் தலையாட்டினான்.

முதலில் சம்பளம். யுபிஐ இல்லாத, ஆன்லைன் பேங்கிங் இல்லாத புதுக் கணக்குக்கு அதை மாற்றுங்கள். டெபிட் கார்டும் பாஸ்புக்கும் வீட்டில் ஒரு பொறுப்பான ஆளிடம் இருக்கட்டும். இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு இன்னும் நல்லது. கைச்செலவுக்கு வாராவாரம் நோட்டாகக் கொடுங்கள். போனில் பணம் கட்டியே ஆக வேண்டும் என்ற வேலையென்றால் யுபிஐ சர்க்கிள் என்ற வசதியைப் பாருங்கள், ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் கட்ட விடுவது அது. மனைவியோ அக்காவோ முதன்மைப் பயனாளராக இருந்து மாத வரம்பு போட்டுக் கொடுக்கலாம். ஒவ்வொரு செலவுக்கும் முதன்மைப் பயனாளரே ஒப்புதல் தரும்படியும் வைக்கலாம்.

அடுத்தது கடன் வாங்கும் வழி. இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பேங்க் ஆப்பிலேயே "உங்களுக்கு 2 லட்சம் தயார்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிக் கிளையில் எழுதிக் கொடுங்கள். கிரெடிட் கார்டை ரத்து செய்யுங்கள். 'பே லேட்டர்' கணக்குகளை மூடுங்கள். ஆட்டோபே பட்டியலைத் திறந்து தெரியாதது எதுவாக இருந்தாலும் ரத்து செய்யுங்கள்.

அப்புறம் போன் கணக்கில் வராத பணம். பீரோ சாவி, நகை, அம்மாவின் பென்ஷன் ஏ.டி.எம். கார்டு, முன்கூட்டியே எடுக்கக்கூடிய ஏலச்சீட்டு. எங்கள் வீட்டில் அப்பா பெயரில் இருந்த வண்டி ஆர்.சி. புத்தகம் காணாமல் போயிருந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

முக்கியமான ஒன்று: அவருடைய பேங்க் கணக்கை யாராவது "வாடகைக்கு" கேட்டிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். கடனில் மூழ்கியவர்களிடம் "உன் கணக்கைக் கொடு, கமிஷன் தர்றோம்" என்று டெலிகிராமில் வருவார்கள். மற்றவர்கள் கட்டும் பந்தயப் பணமும் மோசடிப் பணமும் அந்தக் கணக்கு வழியாகப் போகும். ஒரு நாள் சைபர் கிரைம் போலீஸ் கணக்கை முடக்கும், அப்போது குற்றவாளிப் பட்டியலில் இவர் பெயர் இருக்கும்.

படி 3: போன்

இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆப்களை அழியுங்கள். பெட்பிளாக்கர் போன்ற இலவசத் தடுப்பு ஆப்பைப் போட்டு, அதன் பாஸ்வேர்டை வேறு ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். டெலிகிராம், வாட்ஸ்அப்பில் "டிப்ஸ்" தரும் குரூப்களிலிருந்து வெளியேறுங்கள். முடிந்தால் ஆறு மாதம் பட்டன் போன். இதெல்லாம் பூட்டு மாதிரிதான், மனசு வைத்தால் உடைக்கலாம். ஆனால் உடைக்க ஆகும் பத்து நிமிடத்தில் வேகம் கொஞ்சம் தணியும்.

சட்டம் தடுக்காதா என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டில் இந்தச் சட்டப் போராட்டமே ஒரு தொடர்கதை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து, 2022இல் நீதிபதி சந்துரு குழு, அந்த அறிக்கைக்குப் பிறகு புதுச் சட்டம், 2023 நவம்பரில் "சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது" என்ற தீர்ப்பு. 2025 பிப்ரவரியில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை வந்தது, ஜூனில் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. என் தம்பியின் ஹிஸ்டரியைப் பார்த்தவர்களுக்கு அந்த நேரத் தடையின் அருமை தெரியும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்து சட்டம் போட்டது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். அதன்பின் பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

நோயாளிக்கு அதனால் முழு நிம்மதி வந்துவிடவில்லை. வெளிநாட்டுத் தளங்களும், ஆப் ஸ்டோர் வழியாக வராமல் ஏ.பி.கே. ஃபைலாக நேரே போனுக்கு வரும் ஆப்களும் மிச்சம் இருக்கின்றன. முன்பு ஸ்டேட்மென்ட்டில் கம்பெனி பெயர் இருக்கும், இப்போது முன்பின் தெரியாத ஆட்களின் பெயரும் எங்கோ இருக்கும் மளிகைக் கடை பெயரும்தான் இருக்கும். பெயரைத் தேடாதீர்கள். நேரத்தையும் தொகை ஏறும் விதத்தையும் பாருங்கள்.

மத்தியச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் சூதாடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதற்குப் பயந்து மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நோயாளி சொல்வதை ரகசியமாக வைப்பது மருத்துவரின் சட்டக் கடமை.

படி 4: மருத்துவர்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்ப அடிமைத்தனத்துக்கென்றே 2014இலிருந்து ஷட் கிளினிக் நடக்கிறது. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா?" என்று அம்மா கேட்டார். ஓ.பி. வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் அவருடைய பள்ளிக்கூட ஆசிரியை. தூக்கம் வரவில்லை என்று வந்திருந்தார். அம்மா அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதல் நாளில் என்ன நடக்கும்? என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் அரை மணி நேரம் பேசினார்கள். தூக்கம், குடி, சாகும் எண்ணம், சின்ன வயதிலிருந்து கவனக்குறைவு உண்டா, சில வாரம் தூங்காமல் உற்சாகமாக இருந்தது உண்டா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இந்த நோய் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. மனச்சோர்வு, மது, இருதுருவ மனநோய் ஏதாவது கூடவே இருக்கும். அதைப் பார்க்காமல் சூதை மட்டும் நிறுத்த முயன்றால் நிற்காது. தினமும் குடிப்பவர் என்றால் வீட்டிலேயே இரண்டையும் ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் மேற்பார்வை வேண்டும்.

சிகிச்சையின் முதுகெலும்பு மாத்திரை அல்ல, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுச் சிகிச்சை. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் நடப்பது எளிமை. அவனிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார்கள். ஆடத் தோன்றும்போதெல்லாம் மணி, இடம், அப்போதைய மனநிலை, வேகம் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். மூன்று வாரத்தில் அவனே கண்டுபிடித்தான். சம்பளம் வரும் ஏழாம் தேதி, அம்மா திட்டிய சாயங்காலம், அப்புறம் பாத்ரூம். கதவைச் சாத்திக்கொண்டு போனோடு உட்காரும் அந்த இருபது நிமிடம். "பாத்ரூமுக்குப் போன் போகக் கூடாது" என்பதுதான் எங்கள் வீட்டில் எழுதப்பட்ட முதல் சட்டம்.

இன்னொரு நாள் உளவியலாளர் அவனிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து ஐம்பது முறை சுண்டி எழுதச் சொன்னார். நடுவில் தொடர்ந்து ஆறு முறை தலை விழுந்தது. "அடுத்தது?" என்று கேட்டார். "பூ வந்தே ஆகணும்" என்றான். ஏழாவதும் தலை. "நாணயத்துக்கு முன்னாடி விழுந்தது ஞாபகம் இருக்குமா தம்பி?" என்றாராம். அஞ்சு ஆட்டம் தோத்தாச்சு, ஆறாவது நமக்குத்தான் என்று எத்தனை ராத்திரி உட்கார்ந்திருக்கிறான்! நாங்கள் மூன்று வருடம் கத்தியதைவிட அந்த நாணயம் அதிகம் சொல்லிவிட்டது.

வேகம் வரும்போது அதோடு சண்டை போடாமல் கவனித்துக்கொண்டிருக்கவும் சொல்லித் தருவார்கள். அலை மாதிரி ஏறும், பெரும்பாலும் கால் மணி, அரை மணியில் இறங்கும். அந்த நேரத்தில் மாடிப்படி ஏறலாம், யாரையாவது கூப்பிட்டுப் பேசலாம். என் தம்பி செருப்பு போடாமல் தெருவைச் சுற்றி வருவான்.

மாத்திரைகள் பற்றி: நால்ட்ரெக்சோன் என்ற மருந்து சிலருக்கு ஆடும் வேகத்தைக் குறைக்கிறது. மது அடிமைத்தனத்துக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். கல்லீரல் பரிசோதனை செய்துவிட்டுத் தருவார்கள், ஓபியாய்டு வகை வலி மருந்து எடுப்பவர்களுக்குக் கூடாது. மனச்சோர்வு இருந்தால் அதற்குத் தனி மாத்திரை. மாத்திரை ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரம் எரிந்து விழுவார், தூங்க மாட்டார், எதிலும் பிடிப்பிருக்காது. அது திமிர் இல்லை, விடுபடும்போது வரும் அறிகுறி.

"மூணு மாசம் உள்ளே வெச்சிருந்து திருத்தித் தர்றோம்" என்று சொல்லும் மறுவாழ்வு மையங்களிடம் ஜாக்கிரதை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வருகிறாரா என்று கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது.

படி 5: இப்போது கடன்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள். எங்கள் கணக்கு இப்படி இருந்தது: நிதி நிறுவனத் தனிநபர் கடன் 1,40,000, லோன் ஆப்கள் 62,000, நண்பர்களிடம் கைமாத்து 85,000, அடகு 53,000. அவன் வாயால் சொன்ன மொத்தம் 2,10,000தான். பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. பேங்க், நிதி நிறுவனக் கடன்களைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை, சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதை எடுத்த பிறகுதான் முழு உண்மை வந்தது.

மொத்தமாக அடைக்காதீர்கள். நிலத்தை விற்காதீர்கள். வட்டி அதிகமுள்ளதை முன்னால் வைத்து, அவர் சம்பளத்திலிருந்தே மாதத் தவணையாகப் போகட்டும். பேங்கிலும் நிதி நிறுவனத்திலும் நேரில் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள், பல நேரம் தருவார்கள். குடும்பம் உதவுவதென்றால் பணத்தை அவர் கையில் கொடுக்காமல் கடன்காரருக்கு நேராகக் கட்டி ரசீது வாங்குங்கள். நண்பர்களிடம் நானே போய்ப் பேசினேன். "இனி அவனுக்குக் கைமாத்து கொடுத்தா அது எங்க குடும்பத்துக் கடன் இல்லீங்க" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டு வந்தேன். கூச்சமாகத்தான் இருந்தது.

லோன் ஆப் விஷயம் தனி. அனுமதி பெற்ற நிறுவனம் என்றால் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது, சொந்தக்காரர்களை மிரட்டவும் கூடாது. அனுமதியே இல்லாத ஆப்கள் போட்டோவை ஆபாசமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டும். அப்படி மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அழையுங்கள். அதை அடைக்க இன்னொரு ஆப்பில் கடன் வாங்குவதுதான் அவர்கள் எதிர்பார்ப்பது. சொந்தக்காரர்களுக்கு நாமே முந்திக்கொண்டு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டோம்: "தம்பி போன் ஹேக் ஆகி தப்பான போட்டோ வரலாம், திறக்க வேண்டாம்." முழு உண்மை இல்லைதான், ஆனால் மிரட்டலின் பல் போய்விட்டது. ஊரில் கந்துவட்டி, மீட்டர் வட்டி என்றால் 2003ஆம் ஆண்டு சட்டத்தின்படி போலீஸில் புகார் கொடுக்கலாம்.

படி 6: சறுக்கல்

வரும். பலருக்கும் வருகிறது. என் தம்பி நிறுத்திய ஏழாம் மாதம், ஐ.பி.எல். நேரம். காய்கறி வாங்கிய மீதியைச் சேர்த்து வைத்து, நண்பன் போனில் 500 ரூபாய் கட்டியிருக்கிறான். அன்று ராத்திரியே என்னைக் கூப்பிட்டான். "அக்கா, ஐந்நூறு போட்டுட்டேன். போயிடுச்சு." எனக்குக் கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் முன்பு இதே ஆள் ஒரு லட்சத்தை மூன்று மாதம் மறைத்தவன். இப்போது ஐந்நூறை மூன்று மணி நேரத்தில் சொல்கிறான். "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

மறுநாள் மூன்று வேலை செய்தோம். உளவியலாளரிடம் முன்கூட்டியே நேரம் வாங்கினோம். எந்த வழியாகப் பணம் போனது என்று நோட்டில் எழுதினோம். அந்த வழியை அடைத்தோம், அதாவது காய்கறி வாங்கும் வேலை அப்பாவுக்குப் போனது, மேட்ச் உள்ள சாயங்காலங்களில் அந்த நண்பன் வீட்டுக்குப் போவது நின்றது. திட்டு இல்லை, சத்தியம் இல்லை. இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை சறுக்கினான், 300 ரூபாய். அப்போதும் இதே மூன்று வேலை.

நீங்களே ஆடுபவராக இருந்து இதுவரை படித்திருந்தால் உங்களுக்கு ஒன்றே ஒன்று. ஆறு படியையும் இன்றைக்கே ஏற வேண்டாம். யாரிடம் சொன்னால் அடிக்காமல் கேட்பார் என்று ஒருவர் முகம் மனசில் வரும். அக்காவோ, சித்தப்பாவோ, கூட வேலை பார்ப்பவரோ. அவரிடம் தொகையைச் சொல்லிவிடுங்கள், ராத்திரி பத்து மணிக்கு முன்னால். யாருமே இல்லை என்றால் 14416.

எங்கள் வீட்டில் இப்போது மாதம் 9,000 ரூபாய் தவணை போகிறது, அவன் சம்பளத்திலிருந்து. இன்னும் பத்தொன்பது தவணை பாக்கி. ஏழாம் தேதி காலையில் பாஸ்புக் வரியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறான், நான் கேட்பதில்லை. போன் இன்னமும் பாத்ரூமுக்கு வெளியே ஸ்டூல் மேல்தான் இருக்கிறது. அம்மா வளையல் வாங்கித் தருகிறேன் என்கிறான். கடன் முடியட்டும், அதுவரை கண்ணாடி வளையலே போதும் என்று அம்மா சொல்லிவிட்டார்.